வீடில்லாதவனுக்கு ஆறு பெயர்

வீடு இருக்கிற மனிதனை இங்கிலீஷ்காரன் தனியாக ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வீடு இல்லாதவனுக்குத்தான் ஆறு பெயர் வைத்திருக்கிறான், பிள்ளையே பிறக்காத வீட்டில் ஆறு தொட்டில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பதுளை பஜாரில் ஒரு சீனாக்காரர் அந்த ஆறையும் மனப்பாடம் பண்ணினபோது, பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவன் நான்.

ரயில் பண்டாரவளை வரைக்கும் வந்து, அதற்குமேல் இறங்கி வரப் பயந்து நின்றுகொண்டிருந்த காலம். ஜௌபர் நானாவின் கடை வாசலில் நான் தையல் மெஷின் போட்டிருந்தேன். ஜௌபர் நானா பெட்டிஷன் எழுதுகிறவர். நீதவான் கோட்டுக்கு வழக்கென்று வருகிறவர்களுக்குப் பிணை நிற்பதும் அவர் தொழில்தான். இங்கிலீஷ் மேல் அவருக்கு இருந்த பிரியம் கொஞ்சநஞ்சமில்லை. தும்மல் வந்தால்கூட முதலில் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தும்முவார். அவர் கேட்டு முடிப்பதற்குள் தும்மல் கோபித்துக்கொண்டு திரும்பிப்போனதை நானே கண்டிருக்கிறேன்.

சீனாக்காரருக்குப் பெயர் சென். நீலத்துணி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு பட்டும் மேசைவிரிப்பும் விற்கத் தோட்டம் தோட்டமாக நடப்பவர். தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பெண்களோடு பேரம் பேசியே தமிழ் படித்திருந்தார். ஒரு தடவை அப்புத்தளையில் பனி மிஞ்சிப்போய் அவருடைய மூட்டைக்குள்ளேயே புகுந்துவிட்டது. வெள்ளை மஸ்லின் என்று நினைத்து ஒரு துரைசானி அதில் பன்னிரண்டு முழம் வாங்கி என்னிடம் கொடுத்துக் கவுன் தைத்தாள். வெயில் வந்ததும் கவுன் போய்விட்டது. துரைசானி வீட்டுக்குள் ஓடினாளாம். நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னால் புளுகுகிறேன் என்பீர்கள்.

அப்படி நடந்து திரிந்த மனிதரைத்தான் ஒரு விடியற்காலையில் மார்க்கெட் கூரைக்குக் கீழே படுத்திருந்த இடத்தில் கான்ஸ்டபிள் ஜுனைதீன் பூட்ஸ் நுனியால் எழுப்பினார்.

"எந்திரி. வீடு எங்க?"

சென் யோசித்துவிட்டு வடக்குப் பக்கமாகக் கையைக் காட்டினார். "கப்பல்ல ஒரு மாசம் போகணும்."

"அது சரிவராது. கவர்ன்மென்டுக்கு இங்க வேணும் வீடு."

வீடில்லாமல் ஊர் சுற்றினால் மறியல், அதாவது ஜெயில், என்று சட்டம். அவரை உள்ளே போட்டுவிட்டால் மூட்டையைப் பொலிசார் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பொலிஸில் வைத்த பட்டு திரும்பி வரும்போது கைக்குட்டையாகத்தான் வரும். மூட்டை போனால் சென் போனார். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஜௌபர் நானா பிணை நின்றார். திங்கட்கிழமை கோட்டுக்கு வரவேண்டும், வந்து வீட்டைக் காட்டவேண்டும்.

பஜார் முழுக்க இரக்கப்பட்டது. ஒருவர் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். ஒருவர் நல்ல வக்கீலின் பெயரைக் கொடுத்தார். பத்தடி இடம் மட்டும் யாரும் கொடுக்கவில்லை. இவருக்குத் தங்கச்சி வந்திருக்கிறாள், அவருக்கு நெல் மூட்டை வந்திருக்கிறது, இன்னொருவர் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். அந்த ஒரு வாரத்தில் பதுளைக்கு வந்த தங்கச்சிகளை எண்ணினால் ஊரே தாங்காது.

"பயப்படாதீங்க சென்," என்றார் ஜௌபர் நானா. "நான் ஒங்களுக்கு இங்கிலீஷ் செல்லித் தாரன். நீதவானுக்கு முன்னுக்கு நிண்டு சரியான சொல்லப் பேசினா அவரு மதிப்பாரு."

பாடம் என் மெஷினுக்குப் பக்கத்திலேயே நடந்தது. சென் ஒரு பழைய துணிப்பெட்டி அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் தன்னுடைய எழுத்தில் ஒன்றை வரைந்துகொண்டார்.

"ஹோம்லெஸ்," என்றார் நானா. "இது கோயில்ல பாதிரியார் செல்ற சொல்லு. கேக்கிறவங்க கண்ணத் தொடைக்கோணும்."

"ஹோம்லெஸ்," என்று சொல்லிச் சென் தன் கண்ணைத் துடைத்தார்.

"நீங்க தொடைக்க வேணாம். மத்தவங்க. அடுத்தது டெஸ்டிட்யூட். இது பெட்டிஷன்ல எழுதுறது. இந்தச் சொல்லு இல்லாட்டி பெட்டிஷனுக்கு மருவாதி இல்ல. பாப்பர் எண்டு ஒண்டு ஈக்கிது. அது ஆசுபத்திரிக்கு. இந்தப் பேர எழுதினா மருந்துல தண்ணி கொஞ்சம் கூட ஊத்துவாங்க."

"அடுத்தது?"

"ட்ராம்ப். அது நடக்கிறவன். வேகபாண்ட், அது நடந்துகொண்டே சிரிக்கிறவன். வேக்ரன்ட்டுதான் பொலிசுக்கு. ஒங்களப் புடிச்சது அதுலதான்."

சென் ஆறையும் திரும்பச் சொன்னார். உச்சரிப்பு ஜௌபர் நானாவுடையதைவிட நன்றாக இருந்தது. நானா அதைக் கவனிக்காதவர் போல மூக்குப்பொடி எடுத்தார்.

"ஆறு பேருக்கும் இல்லாதது ஒரே சாமான்தானே?" என்று சென் கேட்டார். "எதுக்கு ஆறு சொல்லு?"

"சட்டத்துக்கு நெறைய வேலை ஈக்கிதே, வாப்பா!"

"எங்க ஊரில வீட்டுக்கு ஒரே எழுத்து." சென் அட்டையில் வரைந்து காட்டினார். மேலே கூரை மாதிரி ஒரு கோடு. கீழே கால் காலாக ஏதோ நின்றது.

"கூரைக்குக் கீழ யாரது? மாப்பிள்ளையா?" என்றார் நானா.

"பன்றி," என்றார் சென். "கூரைக்குக் கீழ பன்றி இருந்தா அது வீடு."

ஜௌபர் நானா எழுந்து நின்றுவிட்டார். அதுவரைக்கும் அவர் மனதில் கடையின் பின்பக்கச் சாய்ப்புக் கொட்டகையைச் சென்னுக்குக் கொடுக்கலாமா என்று ஒரு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. இப்படி அவரே என்னிடம் பின்னால் சொன்னார். அந்த எண்ணத்தைப் பன்றி தின்றுவிட்டது. "அஸ்தஃபிருல்லாஹ்" என்று பாவமன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த அட்டையைக் கடைக்குள் கொண்டுவரக் கூடாது என்று கண்டிப்பாக உத்தரவு போட்டார்.

சனிக்கிழமை பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து, கூலி ஆட்களை மேய்க்கிற கங்காணி இராமையா கோட்டுத் தைக்க வந்தார். இடுப்பளவு எடுக்கையில் நான் விஷயத்தைச் சொன்னேன். இராமையாவின் வயிறு சுருங்கிப் பழையபடி விரிந்தது. ஏதோ யோசனை போனது என்று அளவு நாடாவிலேயே தெரிந்தது.

"வீடு நான் தாரேன்," என்றார்.

ஜௌபர் நானாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஒங்கட வீடா?"

"தோட்டத்து வீடுங்க. கீழ் லயத்துல ஆறாம் காம்பரா, ஒத்த அறை. சடையன்னு ஒருத்தன் பேருல இருக்கு."

"சடையன் என்ன செல்வாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டான். செத்து ரெண்டு வருசமாச்சு."

இதை விளங்கிக்கொள்ளத் தோட்டத்துப் பெரட்டு தெரிந்திருக்கவேண்டும். விடியும் முன்னால் தப்பு அடித்து எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். 'ஆமாங்க' என்று ஒரு குரல் வந்தால் அந்த ஆள் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. பனியில் முகம் தெரியாது. தெரிந்தாலும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை முகத்தைப் பார்க்கிறவர் அல்ல, தலையை எண்ணுகிறவர். வேலைக்கு நிற்கிற ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. அதனால் சடையன் செத்த பிறகும் இராமையா அவனை விடவில்லை. பேரைக் கூப்பிட்டதும் பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவர் 'ஆமாங்க' சொல்லிவிடுவார்.

"அப்ப எல்லாம் சுகம்தானே?" என்று கேட்டேன்.

"சுகமா இருந்துச்சு. இப்பத் தொரைக்குச் சடையன் மேல பாசம் வந்துருச்சு."

ரெண்டு வருடத்தில் சடையன் ஒரு நாள் காய்ச்சல் என்று படுக்கவில்லை. கள்ளுக் குடிக்கவில்லை. கூரை ஒழுகுது என்று கேட்கவில்லை. ஊவா மாகாணத்திலேயே இப்படி ஒரு தொழிலாளி இல்லை என்று துரை கிளப்பில் போய்ப் பெருமையடித்திருக்கிறார். மற்றத் துரைமார் எழுந்து நின்று சடையனுடைய ஆரோக்கியத்துக்காகக் கிளாஸைத் தூக்கிக் குடித்திருக்கிறார்கள். இப்போது சடையனைக் கூப்பிட்டுத் தன் கையால் ஒரு புதுக் கம்பளி கொடுக்கவேண்டுமாம்.

"எங்கேருந்துங்க கொண்டாருவேன்?" என்றார் இராமையா. "இவரு உசுரோட இருக்காரு. அது போதும் எனக்கு."

திங்கட்கிழமை கோட்டில் நீதவான் ஒரு வெள்ளைக்காரர். மூக்கு மட்டும் சிவப்பு. கோட்டு மொழிபெயர்ப்பாளரான முதலியார் அவர் பேச்சைத் தமிழில் சொன்னார். இராமையா, நான் தைத்த புதுக் கோட்டு உடம்பில் குத்திக்கொண்டிருக்க, இவன் எங்கள் தோட்டத்துச் சடையன், கீழ் லயம், ஆறாம் காம்பரா என்று சத்தியம் பண்ணினார்.

"இவனைப் பார்த்தால் தமிழன் மாதிரி இல்லையே?" என்று நீதவான் கேட்டார்.

"வடக்கத்திப் பக்கமுங்க," என்றார் இராமையா. "ரொம்ப வடக்கு."

நீதவானுக்கு மதறாஸுக்கு வடக்கே எல்லாம் ஒன்றுதான். வீடு இருக்கிறது, ஆகையால் வேக்ரன்ட் இல்லை என்று தீர்ப்பு எழுதினார். ஜௌபர் நானா சென்னின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போதுதான் நீதவான் மறுபடியும் தலையைத் தூக்கினார்.

"வீடு இருக்கிறவன் வேலை நாளில் பதுளை மார்க்கெட்டில் ஏன் படுத்திருந்தான்? இவன் ஓடிவந்தவன். போல்ட்டர். கங்காணி உடனே தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். மறுபடி ஓடினால் மறியல்."

சென் ஜௌபர் நானாவைப் பார்த்தார். "இது ஏழாவது சொல்லா?"

"இது வேற பாடம்," என்றார் நானா, மெதுவாக.

மூட்டையை என் மெஷினுக்குக் கீழே வைத்துவிட்டுச் சென் இராமையாவின் பின்னால் நடந்தார்.

ஆறாம் காம்பராவில் சடையனுடைய பெண்சாதி அங்கம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். இராமையா வாசலில் நின்று, "அங்கம்மா, ஒம் புருசன் வந்துட்டான்," என்றார்.

அங்கம்மா எழுந்து வந்து ஏற இறங்கப் பார்த்தாள். "போனப்பக் கறுப்பாப் போனாரு," என்றாள். "அங்க வெயிலே கெடையாது போல." பிறகு ஒரு சாக்கை எடுத்து வாசல் திண்ணையான இஸ்தோப்பில் போட்டாள். "அண்ணே, நீங்க இங்கயே படுத்துக்குங்க. சோறு தாரேன். உள்ள மட்டும் காலு வைக்கக் கூடாது."

மறுநாள் பெரட்டில் "சடையன்!" என்று கூப்பிட்டதும் சென் "ஆமாங்க" என்றார். பழக்க தோஷத்தில் பின்வரிசையிலிருந்தும் ஒரு "ஆமாங்க" வந்தது. இவ்வளவு ஆர்வமா வேலைக்கு என்று துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கம்பளியை அங்கேயே கொடுத்தார். முகத்தைப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள். தோளைத் தட்டினார்.

ஆனால் செத்த சடையன் வேறு, உயிரோடிருக்கிற சடையன் வேறு. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைப் பிடித்து இரண்டாம் நாளே சென்னின் உள்ளங்கை வெடித்தது. மூன்றாம் நாள் மழை இஸ்தோப்பில் அவரோடு சேர்ந்து படுத்தது. வெளியே சித்திரைப் பெருநாளுக்குப் பட்டுக் கேட்டு வீட்டுக்கு வீடு காத்திருக்கிறார்கள். மூட்டை என் காலடியில் கிடக்கிறது. போகலாமா என்று இராமையாவிடம் கேட்டால், ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்லவேண்டும், அதையும் துரை ஒத்துக்கொள்ளவேண்டும் என்றார். செத்தவன்கூடச் சொல்லாமல் போனதால்தானே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறான்!

ஞாயிற்றுக்கிழமை சென் கம்பளியை மடித்து அங்கம்மாவிடம் கொடுத்துவிட்டு நடந்தார். பதுளைப் பாலத்தில் ஜுனைதீன் நின்றார்.

"சீனா, வீடு இருக்கா, இல்லையா?"

சென் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். இல்லை என்றால் வேக்ரன்ட். இருக்கிறது என்றால் போல்ட்டர். "நீங்களே சொல்லுங்க ஐயா," என்றார். "உங்களுக்கு எது சௌகரியம்?"

ஜுனைதீனுக்கும் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் எழுதினார்.

இந்தத் தடவை கோட்டில் நிற்க இடமில்லை. ஊவாவிலேயே சிறந்த தொழிலாளி ஓடிவிட்டான் என்று துரை குதிரை மேல் தானே வந்திருந்தார். அடையாளம் சொல்ல அங்கம்மாவையும் நடத்திக் கூட்டிவந்திருந்தார்கள். இவன்தான் புருசன் என்று சொல்லும்படி இராமையா வழியெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

கூப்பிடுவதற்கு முன்னால் சென் ஜௌபர் நானாவின் சட்டையைப் பிடித்தார். "நானா, வீடும் இருக்கணும், வெளியில போகவும் விடணும். அந்த மாதிரி ஆளுக்கு இங்கிலீஷில என்ன சொல்லு?"

ஜௌபர் நானா தன் வாழ்நாளில் முதல் தடவையாக இங்கிலீஷைப் பற்றிப் பெருமைப்படாமல் யோசித்தார். "ஒரே சொல்லுதான் ஈக்கிது," என்றார். "சேர். தொரமாரக் கூப்பிடுற சொல்லு."

நீதவான் சென் பக்கம் திரும்பினார். "உனக்கு வீடு இருக்கிறதா இல்லையா? ஒரு சொல்லில் சொல்."

சென் கையைக் கட்டிக்கொண்டு, "ஆறு சொல்லு தெரியும் சேர்," என்று ஆரம்பித்து, ஹோம்லெஸ்ஸிலிருந்து வேக்ரன்ட் வரைக்கும் ஒரு பிசகில்லாமல் ஒப்பித்தார். ஏழாவதாக போல்ட்டரையும் சேர்த்தார். "எதைச் சொன்னா மறியல் இல்லையோ, அதைச் சொல்லிக் கொடுங்க சேர். நான் படிச்சுக்கிறேன்."

தன் கூலி இங்கிலீஷ் பேசுகிறான் என்று துரையின் கழுத்து சிவந்தது. நீதவான் மேசையைத் தட்டிவிட்டு அங்கம்மாவைக் கூப்பிட்டார். "இவன் உன் புருஷன் சடையன்தானே?"

அங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இராமையாவைப் பார்த்தாள். அப்புறம் துரையைப் பார்த்தாள்.

"எம்புருசன் செத்து ரெண்டு வருசமாச்சுங்க. ஆத்தோரத்துலதான் பொதைச்சோம். பெட்டி அடிக்கத் தேயிலைப் பெட்டிப் பலகை குடுத்ததே இந்தத் தொரைதாங்க."

முதலியார் மொழிபெயர்க்க வாயைத் திறந்து, துரையைப் பார்த்து, மூடினார்.

"மொழிபெயர்," என்றார் நீதவான்.

"தெனம் விடியக்கால அவரு பேரக் கூப்பிடுறாங்க," என்றாள் அங்கம்மா. "காம்பராவுல படுத்துக்கிட்டு நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். உசுரோட இருந்தப்ப ஒரு நாளு அந்த மனுசனத் தூங்க விடல. செத்த பொறகும் பெரட்டுக்கு வரணுமாங்க? அவரு பேரை மட்டும் விட்டுரச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

முதலியார் அவ்வளவையும் சொல்லி முடித்தார். நீதவானின் மூக்கு இன்னும் சிவந்தது. துரைமார் கிளப்பில் சடையனின் ஆரோக்கியத்துக்குக் குடித்தபோது முதலில் எழுந்து நின்றவர் அவர்தான். ரெண்டு வெள்ளைக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செத்தவனுடைய உடல்நலத்துக்கு விஸ்கி குடித்த கதை கொழும்புக்குப் போனால் சிரிப்பு அடங்க எத்தனை வருடமாகும் என்று அவர்கள் கணக்குப் போட்டது என் இருக்கைக்கே கேட்டது.

"சடையன் என்று ஆள் இல்லை," என்றார் நீதவான், அவசர அவசரமாக. "ஆள் இல்லாதபடியால் ஓடவும் இல்லை. அப்படியானால் இது யார்?"

"இது சென்னுங்க," என்றாள் அங்கம்மா. "மூட்டைத் துணி விக்கிறவரு. எங்க இஸ்தோப்புல படுக்கிறவரு. வருவாரு, போவாரு. அதுல கவர்ன்மென்டுக்கு என்னங்க நட்டம்?"

நீதவான் துரையின் பக்கம் திரும்பினார். "உங்கள் அனுமதியோடுதான் அங்கே தங்குகிறானா?"

இல்லை என்று சொன்னால், அனுமதியில்லாத ஒருவன் பெரட்டில் நின்றது எப்படி, கம்பளி வாங்கினது எப்படி என்று கேள்வி வரும். துரை 'யெஸ்' என்றார்.

"நினைத்தபோது வரலாம் போகலாமா?"

இரண்டாவது 'யெஸ்' பற்களுக்கு நடுவில் நசுங்கி வந்தது. ஆனாலும் வந்தது. முதலியார் அதைத் தமிழில் சத்தமாகவே சொன்னார். தோட்டத்திலிருந்து வந்திருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

சென் அன்றைக்கே மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெமோதரைப் பக்கம் போனார். பெருநாளுக்குப் பட்டு முழுக்க விற்றது. அதற்கப்புறம் கொழும்பிலிருந்து இரண்டு சீனாக்காரர்கள் வந்தபோது, பாலத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்து அந்த ஏழு சொல்லையும் அவரே பாடம் நடத்தினார். ஜௌபர் நானா தள்ளி நின்று பார்த்துவிட்டு, உச்சரிப்பில் ஒரு குறை கண்டுபிடிக்க முயன்று, முடியாமல் வீட்டுக்குப் போனார்.

இராமையாவைத் துரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் காரணம் எழுதவேண்டும்.

ஆனால் தோட்டத்தில் ஒரு சங்கடம் முளைத்தது. காம்பராவும் வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் படலையைத் தாண்டிப் போய்வரவும் கூடிய ஒரே ஆள் அந்தத் தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி சென்தான். லயத்துச் சனங்கள் இதை நன்றாக யோசித்திருக்கிறார்கள். துரையாக மாறுவது லேசில்லை. மற்றதைச் செய்து பார்க்கலாம் என்று முடிவு பண்ணியிருக்கிறார்கள்.

அந்த வருடம் குடிமதிப்பு என்று சனத்தொகைக் கணக்கு எழுத வந்த கிளாக்கர் கீழ் லயத்திலிருந்து ஆரம்பித்தார். முதல் காம்பராவில் என்ன சாதி, என்ன தேசம் என்று கேட்டார். சீனா என்றார்கள். இரண்டாம் காம்பராவிலும் சீனா. மூன்றாவதில் ஒரு கிழவனார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, அப்பன் பாட்டன் காலத்திலிருந்தே சீனா என்றார். நாலாவதில் தொட்டிலில் கிடந்ததும் சீனா. ஐந்தாவதில் நாய்க்கும் சேர்த்துச் சொன்னார்கள். கிளாக்கர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஆறாம் காம்பராவுக்கு வந்தார். அங்கம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீயுமா?"

"ஆமாங்க. சீனாதாங்க."

"சீனாவில எந்த ஊரு?"

அங்கம்மா ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

"கீழ் லயமுங்க," என்றாள்.